2,500 டாலருக்குள் புது ரைடிங் மோவர்: பணத்தை எதில் போடலாம்?

கேள்வி: வட கரோலைனாவில், சார்லட் நகரத்துக்குத் தெற்கே 1.3 ஏக்கர் மனையோடு வீடு வாங்கியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் நிலம் ஓர் ஓடையை நோக்கிச் சரிகிறது. பின்பக்கத்துக்கு வேலியும் ஒரு கேட்டும் உண்டு. கையால் தள்ளும் 21 அங்குல மோவரை வைத்து இந்த வசந்தத்தைச் சமாளித்துவிட்டோம், இனி முடியாது. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டி (ரைடிங் மோவர்) வாங்கப் போகிறோம். எல்லாச் செலவும் சேர்த்து 2,500 டாலர்தான் ஒதுக்க முடியும். பழைய வண்டி வேண்டாம் என்பது வீட்டில் எடுத்த முடிவு. ஒரு நண்பர் நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ டர்ன் வாங்கு என்கிறார், இன்னொருவர் பேட்டரி வண்டி என்கிறார், கடையில் 54 அங்குல அகலம் வெட்டுவதை எடுங்கள் என்கிறார்கள். எதை வாங்குவது? இலை அள்ளும் பேகரும் சேர்த்து வாங்க வேண்டுமா?

பதில்:

உங்கள் தொகைக்கும் நீங்கள் சொல்லும் நிலத்துக்கும் பொருந்துவது ஒன்றுதான்: 42 அங்குல டெக் (பிளேடுகள் சுழலும் அடிப்பகுதி), ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் (கியர் மாற்றாமல் எண்ணெய் அழுத்தத்தால் ஓடுவது), ஒற்றை சிலிண்டர் எஞ்சின் உள்ள சாதாரண லான் டிராக்டர். பக்கத்தில் சர்வீஸ் செய்யும் டீலர் எந்த பிராண்டுக்கு இருக்கிறாரோ அந்த பிராண்டில் வாங்குங்கள். 54 அங்குலம் வேண்டாம். ஜீரோ டர்ன் உங்கள் சரிவுக்கு வேண்டவே வேண்டாம். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் நிற்கும்போது உங்களைத் திசை திருப்ப நிறையப் பேர் இருப்பார்கள்.

முதல் வேலை கடைக்குப் போவது அல்ல, நிலத்தை அளப்பது. 1.3 ஏக்கர் என்பது பத்திரத்தில் உள்ள கணக்கு, நம்மூர்க் கணக்கில் 130 சென்ட். அதில் வீடு, டிரைவ்வே, ஓடையோர மரங்கள், பூச்செடிப் பாத்திகள் எல்லாவற்றையும் கழித்தால் உண்மையில் புல் வெட்டவேண்டிய பரப்பு ஒரு ஏக்கருக்கும் கீழேதான் வரும். உங்கள் கவுண்டியின் இணையதளத்தில் மனை வரைபடம் இருக்கும், அதிலேயே பரப்பு அளக்கும் கருவியும் இருக்கும். புல் உள்ள இடத்தை மட்டும் சுற்றிக் கோடு போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. பலர் மனையின் மொத்த அளவைக் கடையில் சொல்லிவிட்டு, அதற்கு ஏற்ற பெரிய வண்டியை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

இப்போது அகலத்துக்கு வருவோம். ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் வெட்டலாம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. டெக்கின் அகலத்தை அங்குலத்திலும் வேகத்தை மணிக்கு இத்தனை மைல் என்றும் எடுத்துப் பெருக்கி, 99 ஆல் வகுக்க வேண்டும். 42 அங்குல டெக்கை 4 மைல் வேகத்தில் ஓட்டினால் 1.7 ஏக்கர் வருகிறது. திரும்புவது, ஒரு வரிசையின்மேல் அடுத்த வரிசை கொஞ்சம் ஏறுவது, மரத்தைச் சுற்றுவது எல்லாவற்றுக்கும் கால்வாசி கழித்தால் மணிக்கு 1.3 ஏக்கர் தேறும். உங்களிடம் 0.9 ஏக்கர் புல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் வேலை முக்கால் மணி நேரத்தில் முடியும். 54 அங்குல டெக்கில் இதே கணக்கைப் போட்டால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். வாரத்துக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிட லாபம். அதற்காக நூற்றுக்கணக்கான டாலர் கூடக் கொடுப்பதோடு, மேடுபள்ளமான இடத்தில் அகலமான டெக்கின் ஒரு முனை மண்ணைச் சுரண்டி வட்டவட்டமாகப் புல்லை வழித்துவிடுவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு அந்தக் கேட். வேலி போடுபவர்கள் பெரும்பாலும் 36 அல்லது 48 அங்குல கேட்தான் வைப்பார்கள். 42 அங்குல டெக் என்றால் பிளேடு வெட்டும் அகலம்தான் 42. புல்லை வெளியே தள்ளும் பக்கவாட்டு மூடியோடு சேர்த்தால் 50 அங்குலத்தைத் தாண்டும். மூடியை மேலே தூக்கிப் பிடித்தால் கொஞ்சம் குறையும், ஆனாலும் 48 அங்குல கேட்டில் உரசாமல் போவது வண்டிக்கு வண்டி மாறும். கேட்டைத் திறந்து வைத்து, கம்பத்துக்குக் கம்பம் உள் அளவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அளவு போதவில்லை என்றால் ஒரு கம்பத்தை நகர்த்தி இரட்டைக் கதவு போட ஆகும் செலவையும் இந்த 2,500-க்குள் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். 30 அங்குல டெக்கோடு, எஞ்சின் பின்னால் இருக்கும் சிறு ரைடர்கள் சில கம்பெனிகளிடம் உண்டு. குறுகிய கேட்டுக்கு அவை அருமை, அரை ஏக்கருக்குச் சரி. 0.9 ஏக்கருக்கு அது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும்.

எல்லாவற்றையும்விட உங்கள் விஷயத்தில் முக்கியம் சரிவு. நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள், நான் அதில்தான் நிற்கப் போகிறேன்.

வீடுகளுக்கான ரைடிங் மோவர்களின் கையேடுகள் பெரும்பாலும் 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டாதே என்கின்றன. கண்ணால் பார்த்து 15 டிகிரியைக் கண்டுபிடிக்க முடியாது. 4 அடி நீள மரச்சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் ஊன்றி, ரசமட்டம் வைத்துச் சட்டத்தைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். கைபேசியில் உள்ள லெவல் செயலியே போதும். மறு முனையிலிருந்து தரை வரை டேப்பால் அளங்கள். 13 அங்குலம் வந்தால் அது 15 டிகிரி. எட்டரை அங்குலம் வந்தால் 10 டிகிரி. செங்குத்தான இரண்டு மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். 13-ஐத் தாண்டும் இடத்தில் எந்த ரைடிங் மோவரையும் இறக்காதீர்கள், அது எவ்வளவு விலையுள்ளதாக இருந்தாலும் சரி. 15 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக ஓட்ட வேண்டும். குறுக்கே ஓட்டினால் பக்கவாட்டில் கவிழும். கையால் தள்ளும் மோவருக்கு இது அப்படியே தலைகீழ்: அதைக் குறுக்கேதான் தள்ள வேண்டும், இல்லையென்றால் கால் வழுக்கி பிளேடுக்குள் போய்விடும்.

ஜீரோ டர்ன் வண்டியைச் சிபாரிசு செய்த நண்பருக்கு அநேகமாகச் சமதளமான மனை இருக்கும். சமதளத்தில் அது உண்மையிலேயே நல்ல வண்டி. நின்ற இடத்தில் திரும்பும், மரங்களைச் சுற்றி அழகாகப் போகும், நேரம் நிறைய மிச்சம். ஆனால் அதில் ஸ்டியரிங் கிடையாது. இரண்டு பின்சக்கரங்களும் தனித்தனி வேகத்தில் சுழல்வதால்தான் வண்டி திரும்புகிறது. முன்சக்கரங்கள் வண்டி போகும் பக்கம் சும்மா சுழன்றுகொண்டு வருபவை. கீழ்நோக்கிப் போகும்போது பாரம் முன்பக்கம் சாய்ந்து பின்சக்கரங்கள் பிடி இழந்தால், திருப்புவதும் போயிற்று, நிறுத்துவதும் போயிற்று. உங்கள் பகுதியின் செம்மண் களிமண் வகை. ஒரு மழைக்குப் பிறகு மேலே புல் காய்ந்திருந்தாலும் அடியில் வழுக்கும். கீழே ஓடை. இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தால் உங்களுக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும். முன்சக்கரத்தையும் திருப்பும் ஸ்டியரிங் வைத்த ஜீரோ டர்ன்கள் உண்டு, அவை உங்கள் தொகைக்கு வெகு மேலே.

ஓடைக்கரையை ஒட்டிய கடைசிப் பத்துப் பதினைந்து அடியை வெட்டவே வெட்டாமல் விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. அங்கே புல்லும் புதரும் உயரமாக வளர்ந்தால் வேர்கள் கரையைப் பிடித்து நிற்கும், பெருமழையில் செம்மண் கரைந்து ஓடையில் இறங்காது. எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேலே சரிவு கூடிய பட்டை ஏதாவது இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே உள்ள 21 அங்குல மோவர் போதும். அதை விற்றுவிடாதீர்கள்.

அடுத்தது டிரான்ஸ்மிஷன். வண்டியின் முதுகெலும்பு இதுதான். விளம்பரத்தில் இதைப் பற்றி விரிவாக இருக்காது. மலிவான வண்டிகளில் கையால் கியர் மாற்றுகிற வகை இருக்கிறது. உதாரணமாக டிராய்-பில்ட் போனி 42 அங்குல மாடலில் ஏழு வேகங்கள், ஓடும்போதே மாற்றலாம். விலை குறைவு, பெல்ட் மாற்றுவதும் எளிது. சமதளத்தில் நேராக ஓட்டுபவருக்கு நல்ல தேர்வு. ஆனால் சரிவில் இறங்கும்போது வேகத்தை நுணுக்கமாகக் குறைத்துக் கூட்ட முடியாது. கிளட்சை அமுக்கினால் வண்டி சும்மா உருளும். உங்களுக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் வேண்டும். அதில் எண்ணெய் அழுத்தம்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மிதியை அழுத்தும் அளவுக்கு வேகம், காலை எடுத்தால் வண்டி தானாகவே பிடித்து நிற்கும்.

ஹைட்ரோ எல்லாம் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு டிராக்டர்களில் பரவலாக இருப்பவை டஃப் டார்க், ஹைட்ரோ-கியர் என்ற இரண்டு கம்பெனிகளின் டிரான்ஸ்மிஷன்கள். பச்சை வண்டியோ மஞ்சள் வண்டியோ ஆரஞ்சு வண்டியோ, அடியில் படுத்துப் பார்த்தால் இந்த இரண்டில் ஒன்றின் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும். டஃப் டார்க் கே46 என்பது பல பிராண்டுகளில் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கும் மாடல். சமதளத்தில், புல் மட்டும் வெட்டினால், வருடக்கணக்கில் உழைக்கும். அதைக் கொண்டு சரிவில் பாரம் இழுத்தால், கலப்பை கட்டினால், உள்ளே எண்ணெய் சூடாகி நீர்த்துப்போய் அழுத்தம் குறையும். அரை மணி நேரம் ஓடிய பிறகு மேட்டில் ஏற வண்டி திணறினால் அதுதான் அறிகுறி. பெரும்பாலானவை சீல் செய்து வருவதால் எண்ணெய் மாற்ற அடியில் திருகு இருக்காது. கழற்றி எடுத்துத்தான் மாற்ற வேண்டும். முழுதாக மாற்றுவதென்றால் பல நூறு டாலர் போய்விடும்.

2,500-க்குள் இதைவிடப் பலமான டிரான்ஸ்மிஷன் புது வண்டியில் கிடைக்காது. ஆகவே கிடைப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி. டிரான்ஸ்மிஷனின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் விசிறியும் குளிர்விக்கும் பட்டைகளும் இருக்கும். புல்தூசி அடைத்துக்கொண்டால் சூடு வெளியேறாது. மாதம் ஒரு முறை இலை ஊதும் பிளோயரால் ஊதிவிடுங்கள். சரிவான பகுதியை எஞ்சினும் எண்ணெயும் சூடாவதற்குள் முதலிலேயே வெட்டி முடித்துவிட்டுச் சமதளத்துக்கு வாருங்கள். ஈரம் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுபோய்க் கையால் தள்ள வேண்டி வந்தால் பின்னால் உள்ள ரிலீஸ் கம்பியை இழுத்துவிட்டுத் தள்ளுங்கள், அப்படியே தள்ளினால் உள்ளே கெடும்.

எஞ்சின் பற்றி நிறையக் கேள்விகள் வரும், நான் சுருக்கமாக முடிக்கிறேன். ஸ்டிக்கரில் எச்.பி. (குதிரைத்திறன்) எண் பெரிதாகப் போட்டிருந்தால் அதைப் பார்த்து விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். மோவர் எஞ்சின்களின் எச்.பி.யைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று அமெரிக்க நுகர்வோர் தொடுத்த வழக்கு 2010-இல் மில்வாக்கி ஃபெடரல் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. கம்பெனிகள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் சி.சி. அளவையும் (எஞ்சின் கொள்ளளவு) டார்க்கையும் (சுழற்றும் விசை) பார்த்து ஒப்பிடுவதுதான் சரி என்று வாங்குபவர்களுக்குப் புரிய அது உதவியது. 42 அங்குல டெக்கைச் சுழற்ற 500 சி.சி. அளவுள்ள ஒற்றை சிலிண்டர் தாராளம். இரட்டை சிலிண்டரில் அதிர்வு குறைவு, நெடுநாள் நிதானமாக ஓடும் என்பது உண்மைதான். அதற்குக் கூடுதலாகக் கேட்கும் சில நூறு டாலர் உங்கள் கணக்கில் இல்லை. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர் இரண்டுக்கும் உதிரிபாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். கவாசாகி எஞ்சினைப் புகழ்பவர்கள் காரணத்தோடுதான் புகழ்கிறார்கள், ஆனால் இந்த விலையில் உள்ள டிராக்டரில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பிராண்டுக்கு வருவோம். ஜான் டீர் எஸ்100 என்பது அவர்களுடைய 42 அங்குல வரிசையின் அடிப்படை மாடல்: பிரிக்ஸ் ஒற்றை சிலிண்டர், 17.5 எச்.பி., ஹைட்ரோ, இரண்டு மிதிகள். கப் கேடட் எக்ஸ்டி1 வரிசையின் 42 அங்குல மாடலும் கிட்டத்தட்ட அதே தரம், அதே விலை. கிராஃப்ட்ஸ்மேன், டிராய்-பில்ட் பெயர்களில் வருபவை இன்னும் கொஞ்சம் குறைவாக இருக்கும். இதில் ஒரு விஷயம்: கப் கேடட், டிராய்-பில்ட் இரண்டும் எம்டிடி என்ற ஒரே தாய்க் கம்பெனியின் பிராண்டுகள். அந்த எம்டிடியை 2021 கடைசியில் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் முழுதாக வாங்கிக்கொண்டது. கிராஃப்ட்ஸ்மேன் பெயரும் 2017 முதல் அவர்களிடமே இருக்கிறது. ஆக, நிறத்தைப் பார்த்து ஆண்டுக்கணக்கில் சண்டை போடுபவர்கள் சில சமயம் ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு குழப்பம், பெரிய கடைகளில் விற்கும் ஜான் டீர் மட்டம், டீலரிடம் விற்பதுதான் அசல் என்ற பேச்சு. எஸ் வரிசை இரண்டு இடத்திலும் அதே வண்டிதான். டீலரிடம் கூடுதலாக எக்ஸ்300 போன்ற உயர் வரிசைகள் உண்டு, அவற்றின் தொடக்க விலையே உங்கள் தொகையைத் தாண்டும். உத்தரவாதத்தில் அந்த வித்தியாசம் தெரியும்: எஸ்100-க்கு 2 வருடம் அல்லது 120 மணி நேரம், எக்ஸ்300 வரிசைக்கு 4 வருடம் அல்லது 300 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் 0.9 ஏக்கரை வருடத்தில் முப்பது தடவை வெட்டினால்கூட 25 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். எஸ்100-க்கு அந்த 120 மணி நேரம் உங்களுக்கு ஒரு தடையே அல்ல.

வண்டி ஒன்றாக இருந்தாலும் டீலரிடம் வாங்கச் சொல்வேன். பெட்டியிலிருந்து இறக்கி டெக்கை மட்டப்படுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டிக் காட்டித் தருவது அவர் வேலை. ஒரு பக்க டயரில் காற்று கூடவோ குறையவோ இருந்தால் புல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி வெட்டுப்படும். வாங்கியவர் பிளேடு சரியில்லை என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார். விலை பெரும்பாலும் கடையிலும் டீலரிடமும் ஒன்றுதான். போகும்போது இதைக் கேளுங்கள்: ஏப்ரல் மாதத்தில் வண்டி பழுதானால் எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள்? வீட்டுக்கு வந்து ஏற்றிப்போக எவ்வளவு? வேறு இடத்தில் வாங்கிய வண்டியை எடுப்பீர்களா? முதல் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை வைத்தே பிராண்டை முடிவு செய்யலாம். இந்த மாநிலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் புல் வாரத்துக்கு வாரம் கணுக்கால் தாண்டும். அப்போது மூன்று வாரம் வண்டி இல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இந்த வசந்தத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இனி காசுக் கணக்கு. 42 அங்குல ஹைட்ரோ டிராக்டர்கள் 2,000-க்கும் 2,500-க்கும் இடையில் ஏறி இறங்கும். விற்பனை வரி ஏழு சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,200 டாலர் வண்டிக்கு வரியோடு 2,350 ஆகிவிடும். மிச்சம் 150. அதில் வீட்டுக்கு இறக்கும் கூலி, பெட்ரோல் கேன், கிரீஸ் கன், ஒரு செட் உபரி பிளேடு. வேலியோரம் வெட்ட ஸ்டிரிங் டிரிம்மர் இல்லையென்றால் அதுவும். எனவே ஸ்டிக்கரில் 2,200-க்கு மேல் போட்டிருக்கும் வண்டிப் பக்கம் போகாதீர்கள். அதிலும் டெலிவரி இலவசமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைக் கார்டில் வாங்கினால் 12 மாதம் அல்லது 18 மாதம் வட்டி இல்லை என்பார்கள். சின்ன எழுத்தைப் படியுங்கள். கெடு நாளுக்குள் முழுத் தொகையும் கட்டினால்தான் வட்டி இல்லை. ஒரு சிறு பாக்கி நின்றாலும் வாங்கிய நாளிலிருந்து மொத்தத் தொகைக்கும் சேர்த்து வட்டி போடுவார்கள், அது முப்பது சதவீதத்தை நெருங்கும். டீலர்கள் வழியாகக் கம்பெனியே தரும் சைபர் வட்டித் தவணை பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல. இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழும், ஆகவே எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாங்க நல்ல நேரம் செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை. வசந்தத்தில் எல்லோருக்கும் வண்டி தேவைப்படுவதால் விலை இறங்காது. லேபர் டேக்குப் பிறகு கடைகள் பனிக்காலச் சாமானுக்கு இடம் தேடும், முன்னால் நிற்கும் டிராக்டர்களைத் தள்ளிவிடப் பார்க்கும். உங்கள் பகுதியில் பலரும் போட்டிருப்பது டால் ஃபெஸ்க்யூ புல். அது ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் தானாகவே வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கை மோவரோடு இன்னும் கொஞ்ச நாள் தள்ளுவது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமாக இருக்காது. கடையில் காட்சிக்கு வைத்திருந்த வண்டியை எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். உத்தரவாதம் வாங்கும் நாளிலிருந்துதான் என்று பில்லில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பேட்டரி வண்டியைப் பற்றி: சத்தம் இல்லை, புகை இல்லை, ஆயில் மாற்றும் வேலை இல்லை. எனக்கு அவற்றின் மேல் மதிப்பு உண்டு. கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு அதுதான் வழி, அங்கே 2024 முதல் தயாராகும் புதுச் சிறு எஞ்சின் வண்டிகள் புகையில்லாதவையாக இருக்க வேண்டும் என்று சட்டம். ஆனால் உங்கள் பரப்பை ஒரே சார்ஜில் முடிக்கும் 42 அங்குல லித்தியம் வண்டிகள் உங்கள் தொகையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரிவு ஏறும்போது சார்ஜ் வேகமாக இறங்கும். 2,500-க்குள் கிடைக்கிறது என்றால் அது சிறியதாக இருக்கும், அல்லது பழைய லெட்-ஆசிட் பேட்டரி மாடலாக இருக்கும். சில வருடத்தில் பேட்டரி மாற்றும் செலவு காத்திருக்கும். இப்போதைக்கு வேண்டாம்.

குழந்தைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். நம்மவர் வீடுகளில் வண்டி வந்த முதல் வாரமே பிள்ளையை மடியில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவதைப் பார்க்கிறேன். ஊரிலிருந்து தாத்தா வந்திருந்தால் அவரும் பேரனை ஏற்றிக்கொள்ள ஆசைப்படுவார். தயவுசெய்து செய்யாதீர்கள். பிளேடு முனையின் வேகத்துக்கு அமெரிக்கத் தரவிதி வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு 215 மைலுக்கு மேல். அந்த வேகத்துக்கு அருகில் சுழலும் இரும்பின் மேல் குழந்தை மடியிலிருந்து வழுக்கி விழுந்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஒருமுறை ஏற்றிய பிள்ளை, அடுத்த முறை சத்தம் கேட்டதும் தன்னையும் ஏற்றச் சொல்லிப் பின்னாலேயே ஓடி வரும், நீங்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது தெரியாது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ரைடிங் மோவர் ஓட்டக் கூடாது, 12-க்குக் கீழ் கை மோவரும் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பான ஏ.ஏ.பி.யின் அறிவுரை. வண்டி ஓடும்போது சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குள், ஒரு பெரியவரின் பார்வையில் இருக்கட்டும். ரிவர்ஸ் எடுத்தால் பிளேடு நிற்கும்படியும், சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சின் அணையும்படியும் சுவிட்சுகள் இருக்கும். அவை தொந்தரவாகத் தோன்றலாம். அவற்றைத் துண்டிக்க இணையத்தில் வழி சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

வாங்கிய பிறகு செலவைக் குறைப்பது மூன்று நான்கு பழக்கங்கள்தான். பெட்ரோல் பங்க்கில் ‘அன்லெடட் 88’ என்று மலிவாக ஒன்று இருக்கும். அது எத்தனால் 15 சதவீதம் கலந்தது, மோவருக்குப் போடுவதை ஃபெடரல் விதியே தடுக்கிறது. சாதாரண 87 போதும், அதில் எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் இருக்காது. நவம்பரில் கடைசி வெட்டு முடிந்ததும் டேங்கில் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள், மார்ச்சில் கார்புரேட்டர் கழுவும் கூலி மிச்சம். முதல் ஆயில் மாற்றத்தைக் கையேடு சொல்லும் மணி நேரத்தில் தவறாமல் செய்யுங்கள், புது எஞ்சினின் இரும்புத் துகள் அதில்தான் வெளியேறும். பிளேடைக் கழற்றும்முன் ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள். இருபது இருபத்தைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை தீட்டினால் போதும். புல் நுனி வெளுத்துக் கிழிந்ததுபோல் தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். ஃபெஸ்க்யூவை மூன்று அங்குலத்துக்குக் கீழே இறக்கி வெட்டாதீர்கள், ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். எஞ்சினுக்கும் அது பாரம் குறைவு.

கடைசியாகப் பேகர். பின்னால் மாட்டும் இரட்டைப் பை 400 டாலர் வாக்கில் வரும், உங்கள் தொகையில் அதற்கு இடம் இல்லை, தேவையும் இல்லை. சரிவில் நிரம்பிய பை பின்பாரத்தைக் கூட்டி முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், மேல்நோக்கி ஏறும்போது அது ஆபத்து. அதற்குப் பதில் மல்ச்சிங் பிளேடும் டெக் வாயை அடைக்கும் மூடியும் வாங்குங்கள், நூறு டாலருக்குள் முடியும். ஓக் இலைகள் உதிரும் அக்டோபர், நவம்பரில் வாரம் ஒரு முறை, இலை காய்ந்திருக்கும் நேரம் பார்த்து, மெதுவாக இரண்டு தடவை ஓட்டினால் இலை தூளாகிப் புல்லுக்குள் இறங்கிவிடும். மழையில் நனைந்து அடுக்காக ஒட்டிக்கொள்ளும்வரை விட்டுவிட்டால் மட்டும் வாரியை எடுக்க வேண்டியிருக்கும்.